தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மணி அடிப்பது எப்படி, காற்றில் மெழுகுதிரி அணையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். அதற்காக வட்டவளையிலிருந்து என்னை பஸ் ஏற்றி, இந்த ஹட்டனுக்குக் கொண்டுவந்து, நாற்காலி போட்டு, தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார்கள். தேத்தண்ணி நன்றாக இருந்தது. மணி அடிக்க ஒரு கயிறும் ஒரு கையும் போதும். ஒரு குரங்கைப் பிடித்துப் பழக்கினால் அதுவும் அடிக்கும். அப்படிப் பழக்கித்தான் என்னையும் வேலைக்கு வைத்தார்கள்.

தம்பிமாரே, வேதக் கோயில்களில் புதிதாகக் கோயில்பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கோயில்பிள்ளை என்றால் கோயிலுக்குச் செல்லப்பிள்ளை என்று நினைத்து வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம், பஸ் நிற்கிறது. கூட்டுவது, தண்ணீர் தூக்குவது, குழி வெட்ட ஆள் தேடுவது, கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பது எல்லாம் நாம்தான். ஆனால் அதெல்லாம் உடம்புக்குத்தான் கஷ்டம். இந்த வேலையில் மனசுக்குக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. அது பேர். அதைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் என்று என் எதிரிகள் சொல்வார்கள். பொய். பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் காற்றில் பறந்தபோது ஏணி பிடிக்கப் போயிருக்கிறேன். வேதப் புத்தகத்தை நான் தூக்கிய அளவுக்கு எந்தப் போதகரும் தூக்கியிருக்க மாட்டார். திறந்து பார்த்தால் சர்க்கரைக்கு வந்த எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கும், மூடிவிடுவேன். எனக்குத் தெரிந்த வேதம் முழுக்கக் காதால் வந்தது. எங்கள் கோயிலோ தேயிலைத் தோட்டத்துப் பேக்டரிக்குப் பின்னால், தகரக் கூரை போட்டது. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. அங்கே மழை பெய்யாத நாள் குறைவு. ஆகவே என் வேதத்தில் எவ்வளவு ஓட்டை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் போதகராக இருந்தவரை எல்லாரும் ஐயர் என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்து மனிதர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் குடையோடு வந்து இறங்குவார், ஞாயிறு ஆராதனை முடித்துப் போவார். மற்ற நாளெல்லாம் கோயிலுக்கு நான்தான் பொறுப்பு. சனம் கேள்வி கேட்கவும் நான்தான்.

வரிசை வீடான லயத்தில் இருக்கிற ஆட்களுக்கு அர்த்தமில்லாமல் பேர் வைத்துப் பழக்கமில்லை. முருகேசு என்றால் முருகன், செல்லாயி என்றால் செல்லம். கோயிலுக்கு வந்த பிறகு எலியேசர், செபுலோன் என்று கொடுத்தால், அப்படியென்றால் என்ன என்று கேட்கத்தானே செய்வார்கள்? ஐயரிடம் கேட்கக் கூச்சம். என்னிடம் கேட்க யாருக்கும் கூச்சம் வராது, என் மூஞ்சி அப்படி. ஆரம்பத்தில் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எலியேசர் என்றால் எலி பிடிக்கிறவன் என்று ஒரு தகப்பனிடம் சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷமாகப் போனார். அரிசி ஸ்டோரில் அவருக்கு அதுதான் வேலை.

விஷயம் ஐயர் காதுக்குப் போனது. "தேவன் எனக்கு உதவி. அதுதான் எலியேசர். தெரியாட்டி என்னைக் கேள், சும்மா கண்டபாட்டுக்குச் சொல்லாதை" என்றார். சரி, இனிமேல் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவனுக்கு நிறுத்த முடியவில்லை. ஐயர் வந்து குடையை மடக்குவதற்குள் நான் நான்கு சொல்லோடு நிற்பேன்.

ஆமென் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த பெரிய கங்காணி, பட்டை பட்டையாகத் திருநீறு பூசியவர், என்னிடம் கேட்டார், "ஏம்ப்பா, எல்லாரும் சேந்து ஆமென் ஆமென்ங்கிறீங்களே, அப்படின்னா என்ன?"

"ஐயர் சொல்றது முடிஞ்சிருச்சு, இனி எந்திரிக்கலாம்னு அர்த்தங்க" என்றேன். எனக்கு அப்படித்தான் தெரியும். கங்காணி அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஐயரிடம் கேட்டபோது சிரித்தார். "முடிஞ்சுது எண்டு இல்லை. உறுதி, இதுக்கு நான் பொறுப்பு நிக்கிறன் எண்டு அர்த்தம்."

அன்றிலிருந்து ஆமென் சொல்ல எனக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து ஓடுவதற்கு அடையாளமாக இருந்த சொல், கைநாட்டு வைப்பது மாதிரி ஆகிவிட்டது. கைநாட்டின் கனம் எனக்குத் தெரியும். என் கையெழுத்தே அதுதான்.

எல்லாச் சொல்லும் இப்படிச் சுலபமாக மடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்திரசுவிகாரம் என்று ஒன்றை வைத்துப் பிரசங்கம் செய்தார். நான் முதலில் அதை ஏதோ பலகாரம் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து அங்கியை வாங்கி மடிக்கும்போது கேட்டேன்.

"சொந்தமில்லாத பிள்ளையைச் சொந்தப் பிள்ளையா ஏற்கிறது. கடவுள் எங்களை அப்பிடித்தான் ஏற்றவர்."

"தத்து எடுக்கிறதுங்களா ஐயா?"

"ஓம். ஆனா அதுக்கும் மேலை."

"மேலேன்னா?"

ஐயர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். "அதைத்தான் இண்டைக்கு முழுக்கச் சொல்லப் பாத்தனான். எனக்கே சரியாச் சொல்ல வரேல்லை" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மனிதர். அதனால்தான் அவரிடம் இத்தனை கேள்வி கேட்டேன்.

இனித்தான் தங்கத்தின் கதை வருகிறது. அதற்கு முன்னால் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். ஐயர் "இந்தப் பிள்ளைக்குப் பேர் சொல்லுங்கோ" என்று கேட்கும்போது, அவன்தான் சத்தமாகப் பேரைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையாருக்கு உறவுக்காரர் எல்லாம் மாரியம்மன் கோயில் ஆட்கள். ஞானத்தகப்பனுக்கு எங்கே போவது? ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நான் எப்படியும் நிற்பேன். "அண்ணே, நீங்களே நின்னுருங்களேன்" என்பார்கள். அப்படியே அந்தத் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு நான் ஞானத்தகப்பன் ஆகிவிட்டேன். என்னை 'ஞானம்' என்று யாராவது கூப்பிட்டது அந்த ஒரு வகையில்தான்.

தங்கம் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் மாசிலாமணி பேக்டரியில் வேலை. முதல் பிள்ளைக்கு ஐயர் யோசுவா என்று பேர் கொடுத்தார். கர்த்தர் இரட்சிப்பார் என்று அர்த்தம். தவழுவதற்குள் பிள்ளை போய்விட்டது. இரண்டாவது நத்தானியேல், தேவன் கொடுத்தார் என்று அர்த்தம். அதுவும் ஒரு மழைக்காலத்தில் போனது. இரண்டு பேரையும் தொட்டியருகில் சத்தமாகச் சொன்னவன் நான். இரண்டு குழிக்கும் ஆள் பிடித்தவனும் நான்.

மூன்றாவதும் ஆண் பிள்ளை. பிறந்த சில நாளில் பக்கத்துக் காம்பிராவில், அதாவது அடுத்த லய அறையில், இருந்த கறுப்பாயி முறத்தில் தவிட்டோடு தங்கத்தின் வாசலில் வந்து நின்றாள். கறுப்பாயி வீட்டில் ஒரு மாடு இருந்தது, அதனால் தவிட்டுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை தங்காத வீட்டில் இப்படிச் செய்வது நம் ஆட்களுக்கு வழக்கம். அடுத்த வீட்டுக்காரி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவிடுவாள். சாவு தேடிவந்தால் அந்தத் தாய்க்குப் பிள்ளையே இல்லை, ஏமாந்து போய்விடும்.

"இந்தா தவிடு. இனிமே இது எம்புள்ள" என்று தூக்கிக்கொண்டாள் கறுப்பாயி. "நீ பால் குடுக்க வந்த ஆளு. சரியா?"

"சரிக்கா" என்றாள் தங்கம். அழவில்லை. லயம் முழுக்க அந்தப் பிள்ளையைத் தவிட்டான் என்றே கூப்பிட ஆரம்பித்தது.

கொஞ்ச நாள் கழித்து, நான் மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது தங்கம் வந்தாள்.

"அண்ணே, வேதத்துல ரொம்ப மட்டமான பேரு எது?"

நான் சிரித்தேன். "எம்பேரத் தவிரவா?"

அவள் சிரிக்கவில்லை. "நல்ல பேரா வச்சு ரெண்டயும் குடுத்துட்டேன். இரட்சிப்பாருன்னு வச்சோம். குடுத்தாருன்னு வச்சோம். இவனுக்கு யாரும் ஆசப்படாத பேரா வேணும். குப்பை, பிச்சைன்னு வச்சா ஐயரு ஒத்துக்க மாட்டாரு. வேதத்துலயே இருந்தா மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல? கேட்டுச் சொல்லுங்கண்ணே."

அந்த மாதம் ஐயர் வந்ததும் கேட்டேன், "ஐயா, வேதத்துல மோசமான அர்த்தம் உள்ள பேரு என்னென்ன இருக்குங்க?"

"என்ன, பகிடியே?"

"இல்லீங்கய்யா, தெரிஞ்சிக்கலாம்னுதான்."

அது முழுப் பொய்யும் இல்லை. ஐயருக்கும் அது சுவாரசியமாகிவிட்டது. தேத்தண்ணி ஆற ஆற ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் விரல் விரலாக மனசில் ஏற்றிக்கொண்டேன். மறுவாரம் தங்கம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் நிறுத்தி, கடை விரித்தேன்.

"மக்லோன். நோய்க்காரன்னு அர்த்தம். கூடப்பொறந்தவன் கிலியோன். நோஞ்சான்னு அர்த்தம்."

"நல்லாருக்கேண்ணே! அவங்க என்ன ஆனாங்க?"

"சின்ன வயசுலயே செத்துட்டாங்க."

"அய்யோ, வேணாம்."

"நாபால். முட்டாள்னு அர்த்தம்."

"அவன்?"

"அவனும் போயிட்டான்."

"என்னண்ணே, செத்தவனா பொறுக்கிட்டு வர்றீங்க! பேரு மட்டமா இருக்கணும், ஆளு பொழச்சிருக்கணும்."

"யாபேசு. வேதனைன்னு அர்த்தம். பொழச்சான். அண்ணன் தம்பி எல்லாரையும் விடப் பெரிய ஆளா வந்தான்."

அவள் யோசித்துத் தலையை ஆட்டினாள். "பெரிய ஆளா? அப்ப கண்ணு பட்டுரும். வேணாம்."

"இக்கபோத். மகிமை போயிருச்சுன்னு அர்த்தம். ஆனா அவனப் பெத்தவ, அந்தப் பேர வச்சுட்டு, அப்பயே கண்ண மூடிட்டா."

"புள்ள?"

"புள்ள பொழச்சிச்சு."

"அப்ப அதையே வச்சிரலாமே" என்றாள் தங்கம்.

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. தம்பிமாரே, அதுவரைக்கும் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தோடு போய்விட்டது. "அது வேணாம், தங்கம்" என்று சொல்லிவிட்டு, கையில் மிச்சமிருந்த ஒன்றைச் சொன்னேன்.

"லோகம்மீ. ஒரு தீர்க்கதரிசியோட புள்ள. சனம் ரொம்பக் கெட்டுப்போச்சுன்னு கடவுளே கோவத்துல வைக்கச் சொன்ன பேரு. என் ஜனமல்லன்னு அர்த்தம். அந்தப் புள்ள செத்ததா வேதத்துல இல்ல."

தங்கம் கூடையை இறக்கி வைத்தாள். அந்தச் சமயத்தில்தான் பிரஜாவுரிமை கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்ட வீடுகளுக்கு, இல்லை இல்லை என்று பதில் வந்துகொண்டிருந்தது. மாசிலாமணிக்கும் வந்திருந்தது.

"இந்த ஊருக்காரன் நீ எங்க ஆளு இல்லேங்கிறான். இந்தியாக்காரனும் நீ எங்க ஆளு இல்லேங்கிறான்" என்றாள். "எமனும் வந்து பாத்துட்டு, இது எங்க ஆளு இல்லன்னு சொல்லிட்டுப் போகட்டுமே. இதையே வைங்கண்ணே."

அடுத்த மாதச் சனிக்கிழமை ஐயர் வந்ததும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை. அடி விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"ஞானஸ்நானம் எண்டால் என்ன? நீ என்ரை பிள்ளை எண்டு கடவுள் சொல்லுறது. அந்த நேரத்திலை, என்ரை சனம் இல்லை எண்டு பேர் சொல்லித் தண்ணி வாக்கிறதே? என்னாலை ஏலாது. இம்மானுவேல் எண்டு வைப்பம். தேவன் எங்களோடை இருக்கிறார். தங்கம் ரெண்டைப் பறிகுடுத்தவள், அவளுக்கு அதுதானே வேணும்?"

அவர் சொன்னதும் நியாயம். தங்கம் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கு நடுவில் செம்போடு நிற்கிறவனுக்குத்தான் கோயில்பிள்ளை என்று பேர்.

ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. முதல் மணி அடித்துவிட்டுத் தங்கத்தின் காம்பிராவுக்கு ஓடினேன். பிள்ளைக்கு முந்தின நாளே காய்ச்சல் கண்டிருந்தது, நெஞ்சில் கர்கர் என்று சத்தம். டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டுக்கும் இதே மாதிரித்தான் ஆரம்பித்தது.

"ஐயரு இம்மானுவேலுங்கிறாரு, தங்கம்."

"அப்ப நான் வரல."

"புள்ள இப்படி இருக்கும்போது வராம இருக்க முடியுமா? அவரு இனி அடுத்த மாசந்தான்."

மாசிலாமணி சுவரைப் பார்த்து நின்றான். அவன் எப்போதும் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினான். "அண்ணே, பேரு சொல்றது நீங்கதானே? நாங்க வர்றோம். நீங்க பாத்துக்கங்க."

அப்படிச் சொல்லி என் தலையில் இறக்கிவிட்டார்கள். கோயிலுக்குத் திரும்பினால் ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டே சொல்கிறார், "நீதானே ஞானத்தகப்பன். நான் கேக்கேக்கை இம்மானுவேல் எண்டு சொல்லு. தாய்க்கு நான் பிறகு விளங்கப்படுத்துறன்." எனக்குச் சம்பளம் கொடுப்பது சபை. சபைக்குத் தலை ஐயர். நான் "சரிங்கய்யா" என்றேன். அந்தச் சரியை அவர் எதற்கு எடுத்துக்கொண்டாரோ தெரியாது, எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அடுப்பில் தண்ணீரைச் சூடாக்கி, பீலித் தண்ணீரோடு கலந்து, முழங்கையில் ஊற்றிப் பார்த்துத் தொட்டியில் நிரப்பினேன். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்த வேலை.

பாட்டு முடிந்தது. தங்கம் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு தொட்டியருகே வந்தாள். வாசலில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கறுப்பாயியும் வேறு சில லயத்து ஆட்களும் நின்றார்கள். மாரியம்மன் கோயில் ஆட்கள், உள்ளே வரமாட்டார்கள், போகவும் மாட்டார்கள். மேலே தகரத்தில் மழை கொட்டுகிறது.

"இந்தப் பிள்ளைக்குப் பேர் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

எந்த நேரத்திலும் என் வாயில் ஒரு வேடிக்கை தயாராக இருக்கும். சவ வீட்டில்கூட இருந்திருக்கிறது. அப்போது ஒன்றும் இல்லை. ஐயரைப் பார்த்தேன், அவர் நம்பிக்கையோடு என்னைப் பார்க்கிறார். தங்கத்தைப் பார்த்தேன். அவள் ஐயரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கம்பளிக்குள் விரலை விட்டுப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே வைத்திருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். கேள்விக்குப் பதில் எனக்கு அங்கேதான் இருந்தது.

மழைக்கு மேல் கேட்க வேண்டுமே. கத்தினேன்.

"லோகம்மீ!"

ஐயரின் கை தண்ணீருக்கு மேல் அப்படியே நின்றது. முன்வரிசையில் இரண்டொரு பேருக்கு அர்த்தம் தெரியும், மற்றவர்களுக்கு அவர்கள் முணுமுணுத்தார்கள். அது பின்னால் வாசல் வரைக்கும் போனது. என் ஜனமல்ல. என் ஜனமல்ல. அங்கே இருந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் அந்தப் பதில் ஏற்கெனவே வந்திருந்தது.

"இதுதானோ பேர்?" என்று தங்கத்தைக் கேட்டார் ஐயர்.

"அதுதாங்க" என்றாள், விரலை எடுக்காமல்.

ஐயர் ஜெபப் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். ஆராதனை நடுவில் அவர் அதை மூடி நான் பார்த்ததில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அந்தப் பேரை வைச்சவர் பிறகு தானே அதை மாத்தினவர். என்ரை சனம் இல்லை எண்டவைக்கே, நீங்கள் என்ரை சனம் எண்டு சொன்னவர். அதை இண்டைக்கு ஆராவது இந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் நான் தண்ணி வாக்க மாட்டன்." பிறகு குரலை உயர்த்திக் கேட்டார், "இந்தப் பிள்ளை ஆற்றை பிள்ளை?"

புத்தகத்தில் இல்லாத கேள்வி. எங்கள் சபையாருக்குப் புத்தகத்தில் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எம்புள்ளதாஞ் சாமி!" என்று வாசலிலிருந்து ஒரு சத்தம். கறுப்பாயி. சாக்கைத் தலையிலிருந்து இழுத்துவிட்டு, முதல் தடவையாக வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். "யாரு புள்ளன்னு என்ன கேள்வி? மொறம் தவிடு குடுத்து நாந்தான் வாங்குனேன். இந்தா, பெத்தவ நிக்கிறா, கேட்டுப் பாருங்க. வெரசா தண்ணிய ஊத்துங்க, புள்ளைக்குக் குளுருது!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தங்கமும் சிரித்தாள், கண்ணீர் வழிய. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அழுததும் அப்போதுதான், சிரித்ததும் அப்போதுதான்.

ஐயர் சிரிக்கவில்லை. கறுப்பாயியையே பார்த்தார். பிறகு கையை நனைத்து, "லோகம்மீ" என்று தொடங்கித் தண்ணீரை வார்த்தார். பிள்ளை அலறியது. அந்த நெஞ்சுக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. சபை ஆமென் என்றது. வாசலில் நின்ற திருநீற்று நெற்றிக்காரர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து அங்கியை வாங்கக் கை நீட்டினேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தவிட்டுக்கு வாங்கிறது எண்டால் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். வழக்கத்தை, முறத்தை, பால் கொடுக்க வந்த ஆள் என்று கறுப்பாயி சொன்னதை, எல்லாம்.

"பிள்ளைக்கு ஏதும் வந்தால் கறுப்பாயிக்கு என்ன?"

"அவ புள்ளைக்கு வந்த மாதிரிதானுங்கய்யா. சாவு அவ வாசலுக்குல்ல போகணும், அவளோட மோதணும். அதுக்குத் துணிஞ்சவதான் வாங்குவா. மத்தவங்க வாங்க மாட்டாங்க."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். "அண்டைக்கு நீ கேட்டனீ, தத்து எடுக்கிறதுக்கும் மேலை எண்டால் என்ன எண்டு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு, கறுப்பாயி காம்பிராவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். அடுத்த மாதம் மறுபடியும் புத்திரசுவிகாரம் என்றுதான் பிரசங்கம். அன்றைக்கு மழை இல்லை. ஒருவரும் தூங்கவில்லை.

காய்ச்சல் இறங்கியது. எதனால் என்று என்னைக் கேட்காதீர்கள். டிஸ்பென்சரி ஐயா மருந்து என்றார், கறுப்பாயி தவிடு என்றாள், ஐயர் கிருபை என்றார். மூன்று பேரிடமும் நான் ஆமாம் என்றேன். உங்களுக்கு நான் சொல்ல வந்தது வேறு. பேர் கேட்கும்போது, கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள். அதனால் வேலை போனால் என்னிடம் வாருங்கள், எலி பிடிக்கிற வேலை ஒன்று எனக்குத் தெரியும்.

லோகம்மீ வளர்ந்து, தலையில் கை வைத்துச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் எடுக்கிற வயசுக்கு வந்தான். ஐயர்மாருக்கெல்லாம் மேலான அத்தியட்சர் வந்து திடப்படுத்தும்போது பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஐயர் முன்பே சொல்லிவைத்திருந்தார். ஆனால் அத்தியட்சர் கையை வைத்தது லோகம்மீ என்ற பேருள்ள தலையில்தான். அதற்குக் காரணம் ஐயரும் இல்லை, தங்கமும் இல்லை.

அதற்கு முந்தின நாள் தங்கம் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இனி பயமில்ல. நல்ல பேரா ஒண்ணு வச்சிரலாம். ஐயரு அன்னைக்குச் சொன்னாருல்ல, இம்மானுவேலு, அதையே வைப்போம். ஆனா மொதல்ல அக்காகிட்டருந்து புள்ளயத் திரும்ப வாங்கணும்." ஒரு முறம் நிறையத் தவிட்டை வைத்துக்கொண்டு நின்றாள். சாட்சிக்கு நானும் போனேன்.

கறுப்பாயி தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். தங்கம் முறத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். கறுப்பாயி முறத்தை வாங்கினாள், தவிட்டைப் பார்த்தாள், அப்படியே மாட்டின் தொட்டியில் கொட்டினாள்.

"மாட்டுக்குப் போட்டாச்சு. தவிட்டுக்கு நன்றி. புள்ளயத் தர மாட்டேன், போ."

"அக்கா, பேரு மாத்தணும்..."

"திரும்பக் குடுக்கவா நான் வாங்குனேன்? அவனுக்கு என்ன பேரு வச்சாலும் அவன் எம்புள்ள. இந்தப் பேருலதான் நான் அன்னைக்கு அத்தன சனத்துக்கு முன்னால சாமிக்குப் பதில் சொன்னேன். அது அப்படியே இருக்கட்டும்."

தங்கம் வெறும் முறத்தோடு நின்றாள். பிறகு மெல்லச் சிரித்தாள். என் வாயில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

"ஆமென்" என்றேன்.

கறுப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "என்னய்யா கோயில்புள்ள, முடிஞ்சிருச்சா? எந்திரிக்கலாமா?"

"இல்லக்கா. அது நான் அன்னைக்குத் தெரியாமச் சொன்னது. இதுக்கு நான் பொறுப்பு நிக்கிறேன்னு அர்த்தம்."

"நிக்கிறதுன்னா ஒழுங்கா நில்லு" என்றாள் கறுப்பாயி. "அந்த வாளியப் புடி, மாடு ஒதைக்குது."